எல்சி போன வழி

கனோரா என்ற குளிர்ப் பிரதேசச் சிற்றூரில் லியோனாவும் நானும் ஒரே காலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டினோம். அவள் வடக்குப் பக்கத்துப் பண்ணைகளுக்குப் போவாள், நான் கிழக்கே போவேன். காலையில் எஞ்சின் சூடாகும்வரை இரண்டு பேரும் ஒரே ஃபிளாஸ்க்கில் காபி குடிப்போம். அவள் எனக்குச் சொன்னதைத்தான் இங்கே சொல்கிறேன். சிலது அவளுடைய இரண்டாவது கணவர் ஓரெஸ்ட் சொன்னது. இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போகாத இடங்களில் நான் லியோனாவைத்தான் நம்புகிறேன்.

லியோனாவின் முதல் கணவர் கோர்டன் அறுவடை நேரத்தில் மாரடைப்பில் போனார். அதற்குப் பிறகு அவள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஊருக்குள் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தாள். ஓரெஸ்ட் நாட்டியுக் டிராக்டர் கடையில் உதிரி பாகங்கள் விற்கும் கவுண்டரில் வேலைக்காலம் முழுவதும் நின்றவர். அவருடைய மனைவி எல்சி புற்றுநோயில் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. சர்ச் ஹாலில் இலையுதிர்கால விருந்துக்கு உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை பிடிக்க இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள். ஓரெஸ்ட் மூடிய கொழுக்கட்டையெல்லாம் கொதிநீரில் வாயைத் திறந்துகொண்டது. லியோனா அவர் பிடித்ததை ஒவ்வொன்றாக வாங்கி மறுபடி ஓரத்தை அழுத்திக்கொண்டே இருந்தாள். அடுத்த கோடையில் கல்யாணம்.

ஓரெஸ்டிடம் ஒரு டிரெய்லர் இருந்தது. வண்டிக்குப் பின்னால் கோர்த்து இழுத்துப்போகிற வீடு. கட்டில், அடுப்பு, மேசை, குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே. அதில் அவரும் எல்சியும் வருடா வருடம் டெக்சாஸின் தென்கோடிக்குப் போய்க் குளிர் முடியும்வரை இருந்துவிட்டு வருவார்கள். எங்கள் பக்கத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். எல்சி இறந்த பிறகு டிரெய்லர் கார் ஷெட்டுக்குப் பக்கத்தில் தார்ப்பாய்க்குள் கிடந்தது.

கல்யாணமான வருடம் அக்டோபரில் ஒரு நாள் லியோனா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, ஜன்னல் வழியாக ஓரெஸ்ட் தார்ப்பாயைக் கழற்றுவதைப் பார்த்தாள். பிறகு டயருக்குக் காற்றடித்தார். பிறகு ஏணி போட்டு ஏறிக் கூரையைத் தட்டிப் பார்த்தார். அந்தக் குளிர்காலம் தெற்கே போகிறோம் என்று அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது. போகலாமா என்று அவர் கேட்கவில்லை. உனக்குப் போக இஷ்டம்தானா என்று நான் கேட்டேன். மைனஸ் முப்பத்தைந்து டிகிரியில் உட்கார்ந்துகொண்டு யாராவது இஷ்டமில்லை என்று சொல்வார்களா என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

பழைய நாட்காட்டிப்படி ஜனவரி ஏழாம் தேதிதான் எங்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸ். வழக்கப்படி பன்னிரண்டு வகைப் பண்டமும் சாப்பிட்டு, பேரப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அந்த வாரக் கடைசியில் கிளம்பினார்கள். ஓரெஸ்ட் வெறுங்கையால் கொக்கியை மாட்டினார், கையுறை போட்டால் பிடி கிடைக்காதாம். டிரெய்லர் குழாய்களில் தண்ணீர் விடக்கூடாது, உறைந்து வெடித்துவிடும். அதனால் டெக்சாஸ் வரும்வரை கேன் தண்ணீர்தான். நாட்டு எல்லையில் அதிகாரி கேட்பதற்கு முன்னாலேயே ஓரெஸ்ட் மனப்பாடமாகப் பதில் சொன்னார். எல்லையைத் தாண்டி மைனாட் ஊரில் எண்பத்துமூன்றாம் எண் சாலையைப் பிடித்துவிட்டால் போதும், அதே சாலை வளைந்து நெளிந்து அவர்கள் போகிற இடம்வரை கொண்டுபோய் விட்டுவிடும்.

ஓரெஸ்ட் ஸ்டியரிங்கை விடவே இல்லை. தானும் கொஞ்சம் ஓட்டுவதாக லியோனா இரண்டு தடவை சொன்னாள். முதல் தடவை, பனி சறுக்குது என்றார். இரண்டாவது தடவை பனியே இல்லை, ஆனால் எல்சி ஒரு நாளும் ஓட்டியதில்லை என்றார், அதுவே ஒரு காரணம் என்பதைப் போல. எந்த ஊரில் டீசல் போடுவது, எந்த ஊரில் கால் நீட்டுவது, எந்த ஊரில் டிரெய்லரை நிறுத்திப் படுப்பது எல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. தெற்கு டகோட்டாவில் ஒரு சாலையோர உணவகத்தில் அவள் கை கழுவிவிட்டு வருவதற்குள் அவள் இடத்தில் ஒரு தட்டில் தேங்காய் கேக் இருந்தது.

“எனக்குத் தேங்கா புடிக்காது ஓரெஸ்ட்” என்றாள்.

“இங்க வந்தா எப்பவும்…” என்று ஆரம்பித்தவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்து, தன் கேக்கோடு சேர்த்து அதையும் சாப்பிட்டார். 

டிரெய்லருக்குள்ளும் அதே கதைதான். சேவல் படம் போட்ட மஞ்சள் திரைச்சீலை. சேவல் படம் போட்ட கோப்பைகள். கட்டிலில் சுவர்ப் பக்கம் எல்சியுடையது, அதனால் இப்போது லியோனாவுடையது. மெத்தையில் இன்னொருத்தியின் பள்ளம் இருந்தது என்று லியோனா என்னிடம் சொன்னாள். செத்துப்போனவள் மேல் கோபப்பட முடியாது. அதனால் சேவல்கள் மேல் கோபப்பட்டாளாம்.

நெப்ராஸ்காவில் வேலன்டைன் என்ற ஊரைத் தாண்டினால் மணல் குன்றுகள்தான். புல்லும் பனியும் மாடும் தவிர வெகு தூரத்துக்கு ஒன்றும் கிடையாது, போன் எடுக்காது. அன்று காலை ஓரெஸ்ட் சாப்பிடவில்லை. முதுகு பிடித்திருக்கிறது என்றார். குன்றுகளுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் அவர் நெற்றியில் வியர்வை நிற்பதை லியோனா பார்த்தாள். ஹீட்டரைக் குறைத்தாள். அப்படியும் வியர்த்தது. நிறுத்து என்றாள். வாயு என்றார்.

“காலைல ஒண்ணுமே சாப்பிடாதவனுக்கு என்ன வாயு?”

ஓரெஸ்ட் ஓட்டிக்கொண்டே போனார். இன்னும் இரண்டு குன்று ஏறி இறங்கிய பிறகு சாலையோரமாக ஒதுக்கி, கதவைத் திறந்து, பனியில் வாந்தி எடுத்தார். அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. இடுப்புக்கு மேலே கத்தியைச் செருகித் திருகுவதைப் போல வலிக்கிறது என்றார். மாரடைப்போ என்று லியோனா பயந்தாள். கோர்டனைப் பார்த்தவள் அவள். ஆனால் வலி முதுகில் ஆரம்பித்து அடிவயிற்றுக்கு இறங்குகிறது என்று அவர் சொன்னதும் கொஞ்சம் மூச்சு வந்தது.

“அந்தப் பக்கம் போய் உக்காரு. நான் ஓட்டறேன்.”

“நீ இத ஓட்டினதில்ல.”

“நாப்பத்தெட்டுப் புள்ளைங்கள ஏத்திக்கிட்டு ஓட்டியிருக்கேன். நீ ஒரு ஆளு.”

“பஸ் வேற லியோனா. இது பின்னாலேர்ந்து தள்ளும்.”

“தள்ளட்டும். ஏறு.”

அவர் வண்டியைச் சுற்றி வருவதற்குள் இரண்டு முறை நின்றார். இருக்கையில் உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. முழங்காலை மடித்து டேஷ்போர்டில் தலையை வைத்துக்கொண்டார். லியோனா இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடிகளைத் திருப்பி, கிளம்பினாள்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் போனது. கனமான வண்டி அவளுக்குப் புதிதல்ல. எதிரே மாடு ஏற்றிய பெரிய லாரி ஒன்று வந்தது. அது கடந்துபோன வேகத்தில் காற்று டிரெய்லரை உறிஞ்சித் தள்ளியது. டிரெய்லர் ஒரு பக்கம் ஆடியது. பிறகு இன்னொரு பக்கம், முன்பைவிட அதிகமாக. டிரெய்லர் ஆட ஆட அதை இழுத்துப்போகும் வண்டியின் வாலும் சேர்ந்து ஆடியது. முப்பது வருடம் பேருந்து ஓட்டிய கால் என்ன செய்யுமோ அதைத்தான் அவள் கால் செய்தது. பிரேக்கை மிதித்தாள். ஆட்டம் இன்னும் கூடியது.

“கால எடு!” டேஷ்போர்டிலிருந்து தலையைத் தூக்காமலே ஓரெஸ்ட் கத்தினார். “கையால புடி. அந்தச் சின்ன லீவரு. முட்டிக்கிட்ட!”

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதில் இருந்த லீவரைப் பிடித்து அழுத்தினால் டிரெய்லருக்கு மட்டும் பிரேக் விழும். அவள் தடவிப் பிடித்து அழுத்தினாள். யாரோ பின்னாலிருந்து பாவாடையைப் பிடித்து இழுத்ததைப் போல இருந்ததாம். டிரெய்லர் நேரானது. சாலை நேரானது.

கொஞ்ச தூரம் போனார்கள். பிறகு ஓரெஸ்ட் கண்ணை மூடிக்கொண்டே, “மெதுவா போ எல்சி” என்றார்.

“சரி” என்றாள் லியோனா.

குன்றுகளைத் தாண்டி நார்த் பிளாட் ஊருக்குள் வந்து ஆஸ்பத்திரியைக் கண்டுபிடிக்கும்வரை அவர் அந்தப் பெயரை இன்னும் பல தடவை சொன்னார். அவளும் ஒவ்வொரு தடவையும் சரி என்றாள். அவசரப் பிரிவு வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினாள். சக்கர நாற்காலியோடு வந்த ஆள் டிரெய்லரின் நீளத்தை ஒரு தடவை பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் ஓரெஸ்டை இறக்கி உள்ளே தள்ளிக்கொண்டு போனான். பிறகு அவள் வண்டியை எடுத்துப்போய் வாகன நிறுத்தத்தின் ஓரத்தில் பல கார்கள் நிற்கும் இடத்தை அடைத்துக்கொண்டு குறுக்காக நிறுத்தினாள்.

சிறுநீரகக் கல் என்றார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் வலி பிரசவ வலிக்குச் சமம் என்று டாக்டர் சொன்னார். ஓரெஸ்டுக்கு அந்த ஒப்பீடு பிடித்திருந்தது. பிற்பாடு ஊரில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். வலிக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு நர்ஸ் வெளியே வந்து லியோனாவைத் தேடினாள்.

“நீங்கதான் எல்சியா? உங்களத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கார்.”

“இல்லம்மா. நான் லியோனா. வண்டிய ஓட்டிக்கிட்டு வந்தவ.”

நர்ஸ் விழித்தாள். அவருக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டாள். மனைவி என்று லியோனா சொன்னாள். நர்ஸ் முகம் சிவந்து, ஊசி மருந்தில் அப்படித்தான் உளறுவார்கள் என்று சமாதானம் சொன்னாள். லியோனா உள்ளே போய், அவர் தூங்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மதியத்துக்கு மேல் டிரெய்லருக்குள் போய் உட்கார்ந்து எனக்குப் போன் செய்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். இன்னொருத்தியின் கட்டிலில் உட்கார்ந்து, இன்னொருத்தியின் கோப்பையில் டீ குடித்துக்கொண்டு, இன்னொருத்தியின் பெயருக்குப் பதில் சொல்லிக்கொண்டு இருப்பதாகச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. அவர் எழுந்ததும் வண்டியைத் திருப்பி ஊருக்கு வந்துவிடு என்றேன்.

“திருப்பத் தெரிஞ்சா திருப்பிருவேன்” என்றாள். “இந்த டிரெய்லர ரிவர்ஸ் எடுக்க எனக்குத் தெரியாது. முன்னால மட்டும்தான் போகத் தெரியும்.”

இரண்டு பேரும் சிரித்தோம்.  பிறகு, அவருக்குப் பசிக்கும், போகிறேன் என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் கல் வெளியே வந்துவிட்டது. வலி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அப்படியானால் இங்கேயே இருந்துவிட்டுப் போகலாம் என்று ஓரெஸ்ட் சொல்லிப் பார்த்தார். லியோனா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் போய் அந்தப் பக்கம் ஏறிக்கொண்டார்.

கான்சாஸ் முழுக்க அவள்தான் ஓட்டினாள். ஓரெஸ்ட் முதல் நாள் முழுவதும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். எதிரே லாரி வந்தால் சத்தமில்லாமல் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் நாள் மெல்ல வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். அந்த வழியில் அத்தனை வருடம் போயிருக்கிறார், ஆனால் சாலையைத் தவிர ஒன்றையும் பார்த்ததில்லை. இங்க ஒரு ஏரி இருக்கே என்றார். இந்தப் பெரிய மாட்டுப் பட்டி எப்ப வந்தது என்றார். கான்சாஸின் தெற்கு எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பொருட்காட்சி மைதானம் பனியில்லாமல் காலியாகக் கிடந்தது. அங்கே நிறுத்தச் சொல்லி, கீழே இறங்கி நின்று அவளுக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக் கொடுத்தார். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்த வேண்டும். அவ்வளவுதான். நாலு தடவை டிரெய்லர் மடங்கிக்கொண்டது. ஐந்தாவது தடவை நேராகப் போனது. ஓரெஸ்ட் தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் வைத்தார். அந்த மைதானத்தில்தான் அவரை ஏன் கல்யாணம் செய்துகொண்டேன் என்பது மறுபடியும் ஞாபகம் வந்தது என்று லியோனா சொன்னாள்.

வண்டியில் அவர் எல்சி என்று கூப்பிட்டதை அவள் அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு அது ஞாபகமே இல்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்த பார்க் என்பது, டிரெய்லர்கள் வரிசை வரிசையாக நிற்கும் ஒரு காலனி. பனைகள், வேலிக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சுத் தோட்டம், நடுவில் சீட்டாடும் கூடம். வருகிறவர்கள் எல்லாம் மினசோட்டா, அயோவா, மனிடோபா ஆட்கள், எல்லாரும் எழுபதை ஒட்டியவர்கள். ஓரெஸ்டின் பழைய இடத்தையே ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதன் முன்னால் ஒரு மரப்பலகை தொங்கியது. ‘ஓரெஸ்ட் - எல்சி’ என்று வண்ணத்தில் எழுதியிருந்தது. யாரோ பழைய சாமான்களிலிருந்து தேடி எடுத்து, வரவேற்பாக இருக்கட்டும் என்று மாட்டியிருக்கிறார்கள். வண்டி உள்ளே திரும்பும்போதே, பக்கத்து டிரெய்லரிலிருந்து ஒரு குண்டான பெண் செருப்பு இல்லாமல் ஓடிவந்து பலகையைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அவள் பெயர் மர்னா, மினசோட்டாக்காரி, எல்சியின் சிநேகிதி. லியோனா ஓட்டிவந்ததையும் ஓரெஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததையும் பார்த்ததும் கண்ணை அகல விரித்தாள். லியோனா ஒரே முயற்சியில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினாள்.

பார்க்கில் எல்லாரும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். ஒருவரும் அவளை எல்சி என்று தவறிக்கூடக் கூப்பிடவில்லை. ஜாக்கிரதையாக இருந்தார்கள், அதுதான் தெரிந்தது. சாயங்காலம் நாலரைக்கு இரவுச் சாப்பாடு. செவ்வாய்க்கிழமை சீட்டு, வியாழக்கிழமை பிங்கோ, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஆளுக்கொரு பதார்த்தம் செய்து கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவது. ஓரெஸ்ட் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, வெள்ளைக் கால்களோடு சந்தோஷமாக நடந்தார். லியோனா முதல் வாரம் வெயிலை அனுபவித்தாள். இரண்டாவது வாரம் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

துணி துவைக்கும் அறை ஒன்று இருந்தது. ஒரு மத்தியானம் அங்கே மெஷின் ஓடி முடிய லியோனாவும் மர்னாவும் காத்திருந்தார்கள். மர்னா துண்டுகளை மடித்துக்கொண்டே தானாகப் பேச ஆரம்பித்தாள். எல்சி தினமும் இந்த அறைக்கு வருவாளாம், துவைக்கத் துணி இருந்தாலும் இல்லாவிட்டாலும். இங்கேதான் ஆண்கள் வரமாட்டார்கள். அந்த மூலை நாற்காலியில்தான் உட்காருவாளாம்.

“அவளுக்கு இந்த எடம் புடிக்கவே புடிக்காது, உங்களுக்குத் தெரியுமா?” என்றாள் மர்னா. “வெயில் ஆகாது. குளிர்னா உசுரு. ஊர்ல ஐஸ் மேல கல்லத் தள்ளி கர்லிங் ஆடணும், பேரப் புள்ளைங்கள ஸ்கேட்டிங் கூட்டிட்டுப் போகணும், இதே பேச்சு. சில நாள் இங்க உக்காந்து அழுவா.”

அதை ஓரெஸ்டிடம் சொன்னதே இல்லையா என்று லியோனா கேட்டாள். ஒரு நாளும் சொன்னதில்லை என்றாள் மர்னா. இத்தனை வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்ற மனுஷன், இதற்காகத்தானே நின்றார், நான் எப்படிச் சொல்வது என்பாளாம். லியோனா அந்தச் சேவல் திரைச்சீலையைப் பற்றிக் கேட்டாள். அது ஓரெஸ்ட் பழைய பொருள் சந்தையில் வாங்கி வந்தது, எல்சிக்கு அதைக் கண்டாலே எரிச்சல் என்று மர்னா சிரித்தாள்.

லியோனா அன்று துணியை எடுத்துக்கொண்டு டிரெய்லருக்கு வந்து வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளும் யாரோடு மல்லுக்கு நிற்பதாக நினைத்தாளோ, அந்த எல்சி இந்த இடத்தை என்றைக்கோ விட்டுக்கொடுத்திருப்பாள். கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டுப் போயிருப்பாள்.

ஓரெஸ்டிடம் இதைச் சொல்லக்கூடாது என்றுதான் முதலில் முடிவு செய்தாள். செத்தவள் சொல்லாமல் விட்டதை நான் எதற்குச் சொல்லி அவர் நெஞ்சில் ஏற்ற வேண்டும் என்று நினைத்தாள். சில நாள் அப்படியே போனது. ஒரு நாள் மத்தியானம் துணிக்கூடையோடு கிளம்பி, துவைக்கும் அறையில் மெஷினைத் திறந்து துணியைப் போட்டபோதுதான் கவனித்தாள். எல்லாம் காலையில் மடித்து வைத்த துணி. அழுக்கு ஒன்றுகூட இல்லை.

கூடையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். ஓரெஸ்ட் வெளியே நிழல் துணிக்குக் கீழே உட்கார்ந்து பம்ளிமாஸ் உரித்துக்கொண்டிருந்தார்.

“ஓரெஸ்ட், எனக்கு இங்க இருக்கப் புடிக்கல.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். பழத்தைத் தட்டில் வைத்தார்.

“மர்னா ஏதாவது சொன்னாளா?”

“சொன்னா. ஆனா நான் என்னப் பத்தித்தான் சொல்றேன்.”

“எல்சிக்குப் புடிக்கலன்னு சொன்னாளா?”

லியோனாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆமாம் என்றாள்.

“எனக்குத் தெரியும்” என்றார் ஓரெஸ்ட்.

“எவ்வளவு நாளா?”

“ரெண்டாவது வருஷத்துலேர்ந்து.”

“அப்புறம் ஏன் கேக்கல?”

அவர் விரலில் ஒட்டியிருந்த வெள்ளை நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தார். “கேட்டா சொல்லிருப்பா. சொல்லிட்டான்னா நான் வீட்ல இருக்கணும்.”

லியோனா கூடையைக் கீழே வைத்துவிட்டு பார்க்குக்குப் பின்னால் ஓடிய வாய்க்காலின் கரையோடு நடந்து போனாள். எல்சிக்காக அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. தனக்காகக்கூட அவள் அவ்வளவு கோபப்பட்டதில்லை. அந்தப் பெண்ணை லியோனா ஊர்க் கடையில் நாலைந்து தடவை பார்த்திருக்கிறாள், வானிலை பற்றி இரண்டு வார்த்தை பேசியிருக்கிறாள், அவ்வளவுதான் பழக்கம். திரும்பி வந்தபோது ஓரெஸ்ட் அதே நாற்காலியில் இருந்தார். பழம் காய்ந்துபோயிருந்தது.  அன்று அவள் சீட்டாடப் போகவில்லை. ஓரெஸ்டும் போகவில்லை.

மறுநாள் காலை அவர் ஊரிலிருக்கும் மகள் ராக்ஸேனுக்குப் போன் செய்தார். அம்மாவுக்கு டெக்சாஸ் பிடிக்காதது உனக்குத் தெரியுமா என்று கேட்டார். வீட்டில் எல்லாருக்கும் தெரியும்ப்பா என்றாள் மகள். அவர் போனை வைத்துவிட்டு டிரெய்லருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். லியோனா வெளியே காத்திருந்தாள். அவர் அழுவது கேட்டது. உள்ளே போகவில்லை. அது எல்சியோடு அவர் முடித்துக்கொள்ள வேண்டிய விஷயம், அதில் எனக்கு இடமில்லை என்று நினைத்தேன் என்று என்னிடம் சொன்னாள்.

வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார். காபி போட்டு ஒரு கோப்பையை அவளிடம் கொடுத்தார்.

“சரி. ஒனக்கு எங்க போகணும்?”

லியோனா கோப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.  கோர்டன் இருந்தபோது நிலம் சொன்னபடி வாழ்ந்தாள். பிறகு பள்ளிக்கூட நேரம் சொன்னபடி. எங்கே போகவேண்டும் என்று அவளை யாரும் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

“தெரியல” என்றாள். “கடல் பக்கம் போய்ப் பாக்கலாமா?”

இரண்டு நாளில் கிளம்பிவிட்டார்கள். பார்க்கில் இருந்தவர்களுக்குக் காரணம் சொல்லும் வேலையை ஓரெஸ்டே செய்தார். வேறு யார் மேலும் பழி போடவில்லை, எனக்கு இடம் மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்று சொன்னார். மர்னா லியோனாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்தத் திரைச்சீலையை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தாள் லியோனா. ஓரெஸ்ட் முகத்தைச் சுளித்தார், ஆனால் கழற்ற உதவினார்.

கடற்கரை பார்க்கைவிட மோசமாக இருந்தது. மழை, காற்று, கொசு. கூரையில் ஒரு மூலையில் ஒழுகியது. நெட்டைக் கொக்குகளைப் பார்க்க ஒரு நாள் படகில் போனார்கள். அவை வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் எங்கள் ஊர் வயல்களின் மேலே போகிற பறவைகள், குளிருக்கு இங்கே வந்து இறங்குகின்றன. படகு ஆடியதில் ஓரெஸ்ட் கொக்கைப் பார்க்காமல் பக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்குத்தான் வந்தோமா என்று கேட்டார். ஆமாம், இதற்குத்தான் வந்தோம் என்றாள் லியோனா. நனைந்து நடுங்கிக்கொண்டு அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று என்னிடம் சொன்னாள். மார்ச்சில் ஊர் திரும்பினார்கள். திரும்பும்போது பாதித் தூரம் அவர், பாதித் தூரம் அவள். யார் எவ்வளவு ஓட்டியது என்பதில் மட்டும் இன்றுவரை இரண்டு பேர் கணக்கும் வேறுதான்.

அதற்கு அடுத்த குளிர்காலம் பிப்ரவரிவரை அவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். ஓரெஸ்ட் காலையில் எழுந்ததிலிருந்து குளிரைத் திட்டினார். ஆனால் ராக்ஸேனின் பிள்ளைகளை ஸ்கேட்டிங்குக்குக் கொண்டுபோய் விடுவது அவர்தான். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, கையை அக்குளில் செருகிக்கொண்டு, முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். அது எல்சி செய்திருக்க வேண்டியது என்று ஒரு நாள் என்னிடம் அவரே சொன்னார். நான் தலையாட்டினேன்.

இப்போதெல்லாம் பிப்ரவரி பிறந்ததும் கிளம்புகிறார்கள். ஒரு வருடம் லியோனா இடம் சொல்வாள், ஒரு வருடம் ஓரெஸ்ட் சொல்வார். இந்த வருடம் அவள் முறை. நியூ மெக்சிகோவில் மலைமேல் ஏதோ ஓர் ஊர். நேற்றுப் பேசினாள். அங்கே பனி கொட்டுகிறதாம், எங்கள் ஊரைவிட அதிகமாம். இதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்றேன். பின்னால் ஓரெஸ்டின் குரல் கேட்டது. அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

“சூப்பு ஆறுதாம்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.